எண்பது வீத வரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா இப்போது தடியில்லாமல் நடக்கிறார். நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

கெம்பஸில் என் உதவிப்பணத்தை நிறுத்திவிட்டார்கள். அது தொடர்ந்து கிடைக்க விரிவுரைகளுக்கு எண்பது வீத வரவு வேண்டும். எனக்கு அறுபத்தொன்றுதான். அம்மா பேராதனை ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து வாரமும் நான்தானே கட்டிலருகே இருந்தேன்.

"ஆஸ்பத்திரி ஒன் கெம்பஸுக்குப் பக்கத்துலதானே, நீயே பாத்துக்க. நான் லீவு போட்டா ஓ.டி. காசு போயிரும்" என்றீர்கள். நீங்கள் வேலை செய்யும் பல்லேகலயிலிருந்து இரண்டு பஸ் ஏறினால் போதும், அண்ணா. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நீங்கள் ஏறவில்லை.

மேன்முறையீடு செய்ய ஒரு படிவம் தந்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேறு பிள்ளைகள் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. உண்டு என்று எழுதினால் என் காரணம் எடுபடாது. இல்லை என்று எழுதினேன்.

கீழே அம்மாவின் கையெழுத்தும் வேண்டுமாம். பொய்க்குக் கையெழுத்து வைக்கமாட்டார் என்று பயந்துகொண்டே ஹுன்னஸ்கிரிய வீட்டுக்குப் போய், எழுதியதை வாசித்துக் காட்டினேன். அந்தக் கேள்வியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

இப்படிக்கு,
அம்மாவின் ஒரே பிள்ளை