வெள்ளியும் நெல்லும் காளவாசல் வெயிலும்

இன்று காலை பின்னறையைத் திறந்ததும் நொச்சி இலை வாசம். வண்டு அண்டாமலிருக்க நெல் மூட்டைகளுக்கு நடுவே நீங்கள் செருகி வைத்த இலைகள். தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கின்றன.

மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நோட்டு செல்லாது என்று டிவியில் சொன்ன அன்று நீங்கள் சாப்பிடவில்லை. சமையல்காரர் பழைய நோட்டை வாங்க மறுத்துவிட்டார். கொட்டாம்பட்டியில் உங்களோடு படித்த விவசாயிதான், “பணம் கெடக்கட்டும் மாப்ள, அரிசியை ஏத்திட்டுப் போ” என்றார். பந்தி நடந்தது. அதிலிருந்துதான் உங்களுக்குத் தாள் என்றாலே ஆகாமல் போயிற்று. நம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மிஞ்சியதெல்லாம் வெள்ளிக்காசாகவும் நெல்லாகவும் வீட்டுக்கு வந்தது.

“படுக்க எடமில்ல, இம்புட்டு நெல்லு எதுக்குங்க?” என்று சண்டை போட்டேன்.

“ஒரு வார்த்தைல தாளுக்கு உசுரு போயிருச்சு. நெல்லுக்கு அப்பிடிப் போகுமா?” என்றீர்கள்.

ஊரடங்கில் உங்கள் பேச்சு பலித்தது. நெல்லை அரைத்து வந்து கோச்சடையில் நம் தெருவுக்கே படி படியாக அளந்தீர்கள். அடுத்த வீட்டுத் தையல்காரப் பெண் நூறு ரூபாயை நீட்டியபோது, “தாளு வேணாம்மா. பெறகு நெல்லாக் குடு” என்றீர்கள். வயலே இல்லாதவளிடம்! அவள் சிரித்துக்கொண்டே போனாள். அன்று உங்களைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. நெஞ்சு வலியில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் முன்பணம் கட்டச் சொன்னார்கள். பேங்கில் ஒன்றும் இல்லை. மகன் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தான். வெள்ளிக்காசுகளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு காளவாசல் வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பாதிக் கடை பூட்டியிருந்தது. திறந்திருந்த கடையில், “பில்லு இருக்காக்கா? கழிவு போகத்தான் எடுப்போம். பணம் நாளைக்குத்தான்” என்றார்கள்.

வெறுங்கையோடு திரும்பியபோது தையல்காரப் பெண் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். பணத்தைக் கட்டி முடித்திருந்தாள்.

“அண்ணே நெல்லாக் கேட்டாரு. எங்கிட்ட தாளுதான்க்கா இருந்துச்சு” என்றாள்.

நான் உள்ளே ஓடி வந்தபோது உங்களுக்குப் பேச்சு நின்றிருந்தது. விடிவதற்குள் மூச்சும் நின்றது. நான் வருமுன் ஒருமுறை கண் திறந்து என்னைத் தேடினீர்கள் என்று நர்ஸ் சொன்னாள். அப்போது நான் உங்கள் காசை விற்க அலைந்துகொண்டிருந்தேன்.

உங்கள்மேல் கோபப்படுவதா? ஒரு தெருவுக்கே சோறு போட்ட மனிதர்மேல் எப்படிக் கோபப்படுவது? கோபமே இல்லை என்றால், மஞ்சப்பையைப் பார்க்கும்போதெல்லாம் ஏன் நெஞ்சு எரிகிறது?

இப்போது வெள்ளி விலை எங்கேயோ போய்விட்டதாம். “அப்பா ஜெயிச்சுட்டாரும்மா, வித்துருவோம்” என்கிறான் மகன். ஜெயித்தீர்களா? எனக்குத் தெரியவில்லை. விற்கவும் மனசில்லை, வைத்திருக்கவும் தைரியமில்லை.

போன வாரம் கொட்டாம்பட்டிக்குப் போன் செய்து ஒரு மூட்டை நெல் கேட்டேன்.

“ஒத்த ஆளு, உனக்கு எதுக்கும்மா?” என்றார் உங்கள் நண்பர்.

“அனுப்புங்கண்ணே” என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கே பேங்குக்குப் போய், மகன் போட்டிருந்ததில் கொஞ்சம் பணமும் எடுத்து வந்தேன். அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.