சைலன்சரும் என் பக்கத்துக் காதும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சௌகரியம். அப்பா விஷயத்தில் அந்த வார்த்தையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். நீ வேளைக்குச் சாப்பிட்டு, அந்த ஆஸ்பத்திரி லேபில் நின்று நின்று கால் வீங்காமல் நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டாலும் போனில் அப்படித்தான் சொல்வாய். போனிலேயே பேசியிருக்கலாமே, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் போன் வந்தால் உன் அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் என்ன பேச முடியும். உன்னிடம் மட்டும் அப்படி என்னதான் கேட்டுக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்கு உள்ளூர எரிச்சலாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான், உன் அப்பா காரின் சைலன்சரை அறுத்துவிட்டார். ரிப்பேர் இல்லை, ஓட்டை இல்லை, சத்தம் நன்றாக வரட்டும் என்று வேண்டுமென்றே அறுத்தார். பொடிப் பையன்கள் செய்கிற வேலையை இந்த வயதில் வீட்டு வாசலில் செய்துகொண்டிருக்கிறார். காரின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்துக்கொண்டு அடியில் புகுந்துவிட்டார். வால் பக்கத்தில் உப்பலாக ஒரு தகரப் பெட்டி இருக்கிறதாம், சத்தத்தை விழுங்குவது அதுதானாம், அதை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேர்க் குழாய் ஒன்றைச் செருகிக் கிளாம்பு போட்டு இறுக்கினார். குழாயைத் தொங்கவிட ரப்பர் வளையங்கள் இருக்கின்றன, அவை இறுக்கமாக இருந்ததால் சோப்புத் தண்ணீர் தடவி, வலிக்குமோ என்னவோ என்கிற மாதிரி மெதுவாக நகர்த்தி நகர்த்தி மாட்டினார். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முழங்கால் வலி வந்தபோது தைலத்தைக் கையில் கொடுத்து நீயே தேய்ச்சுக்கோ என்று சொன்ன மனிதர் இவர். எனக்குச் சக்களத்தி ஒருத்தி வருவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை, வந்தவள் நாலு சக்கரத்தோடு வந்திருக்கிறாள்.

வேலை முடிந்து கிளப்பினார் பார், அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டன. எதிர்வீட்டு நீச்சல் டீச்சர் உடனே வெளியே வந்துவிட்டாள். அவள் வந்தது நீ போன பிறகுதான், உனக்குத் தெரியாது. நீச்சல் குளத்தின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் இருக்கும் பிள்ளைகளை அதட்டி அதட்டி அவளுக்குத் தொண்டை அப்படி ஆகிவிட்டது, நல்லா இருக்கீங்களா என்று அவள் கேட்டால் தெருமுனையில் நடப்பவர் நல்லா இருக்கேன் என்பார். அவள் அங்கிருந்தே, அண்ணா சும்மா சிங்கம் மாதிரி இருக்கு அண்ணா என்றாள். உன் அப்பா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அவள் எது சொன்னாலும் இவர் சிரிக்கிறார், எது கேட்டாலும் நின்று பதில் சொல்கிறார். அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள், மரியாதையான பெண், ஒரு குறை சொல்ல இடமில்லை, அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. நான் நூலகத்தில் காலமெல்லாம் மெதுவாகப் பேசிப் பழகியவள், எனக்குச் சுட்டுப்போட்டாலும் கத்த வராது. நான் ஒன்றை மூன்று தடவை சொன்னாலும் ம் என்பார், இல்லை அந்த ம்மும் இருக்காது. நான் சொல்வதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை, எதிர்வீட்டுக்காரி சொன்னால் மட்டும் தேனாக இனிக்கிறது என்று நான் நினைத்தேன். நீயாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாய்.

அந்தக் காரில் ஏறிப் பார்த்தால்தான் என் கஷ்டம் உனக்குப் புரியும். கடைக்குப் போய் வருவதற்குள் மண்டைக்குள் உர்ரென்று ஒரு இரைச்சல் குடியேறிவிடும், இறங்கி வீட்டுக்குள் வந்த பிறகும் அது போகாது. இது என்ன கண்றாவி என்று கேட்டால், இப்பதான் வண்டி பேசுது என்றார். வண்டி பேசுகிறதாம். நான் பேசியது எதற்கும் இந்த மனிதர் இப்படிப் பூரித்துப் போனதில்லை.

பிறகு ஒருநாள் கிளாம்பு தளர்ந்து குழாய் ஆடுகிறது என்று மறுபடியும் அடியில் படுத்திருந்தார். ஒருக்களித்துப் படுத்து, ஒரு காதைத் தரையில் அழுத்திக்கொண்டு ஸ்பேனர் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். நான் அவர் தலை இருந்த பக்கமாகக் குனிந்து பெருக்கிக்கொண்டே எனக்குள்ளாக, இதுக்குக் காரையே கட்டிக்கிட்டிருக்கலாம் என்று முனகினேன். என் வழக்கமான பேச்சைவிடவும் தணிந்த முனகல். அடியிலிருந்து பதில் வந்தது, அது இப்படி முணுமுணுக்காது என்று. துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். மூன்று தடவை சொன்னாலும் கேட்காத மனிதருக்கு முனகியது எப்படிக் கேட்டது. அவர் எழுந்து குழாயடியில் கை கழுவும்போது, தரையில் வைத்திருந்த காது இருக்கிறதே, அந்தப் பக்கமாகப் போய் நின்று அதையே மறுபடியும் சொன்னேன். ஒன்றுமில்லை. வீட்டை வித்துட்டு நான் மக வீட்டுக்குப் போறேன் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டார். உன்னிடம் சொல்வதற்கென்ன, கல்யாணமான நாள் முதல் மனசில் தேக்கி வைத்திருந்ததை எல்லாம் அந்தக் காதுக்குள் கொட்டினேன், அவரையும் திட்டினேன், அவருடைய அக்காவையும் திட்டினேன், அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு டீ இருக்கா என்று கேட்டார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. டீ போடும்போதுதான் பயம் வந்தது.

அது என் பக்கத்துக் காது. காரில் அவர் ஓட்ட, நான் அவர் பக்கத்து சீட்டில் உட்கார, என்னைப் பார்த்து இருப்பது அந்தக் காதுதான். பஸ் ஓட்டிய காலத்தில் எஞ்சின் டிரைவர் பக்கத்திலேயே தகர மூடிக்குள் இருக்கும், சின்னப் பிள்ளையில் நீகூட அதன் மேல் உட்கார்ந்து வருவாய், அந்த எஞ்சினும் அதே பக்கம்தான். எனக்கென்று இருந்த காதை அது தினம் தினம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. மற்ற காதும் இப்போது அரைகுறைதானாம். டீயைக் கையில் கொடுத்து, நல்ல காதுப் பக்கமாக உட்கார்ந்து கேட்டேன், ஒளிக்காமல் சொன்னார். கியர் மாற்றுவது எஞ்சின் சத்தத்தை வைத்துத்தானாம், கண்ணாடியை ஏற்றிவிட்டால் அது அவருக்குச் சுத்தமாகக் கேட்கவில்லையாம். மூணாவது கியர்லயே வீடுவரைக்கும் வந்திருக்கேன், எனக்கே தெரியல என்றார். முன்னாடி ஒரு முள் ஆடுதே, அதைப் பார்த்து மாத்தக்கூடாதா என்றால், முள்ளைப் பார்த்து ஓட்டுறவன் டிரைவரா என்கிறார். அதற்காகத்தான் சைலன்சரை அறுத்திருக்கிறார், இளமை திரும்பியதால் இல்லை. டாக்டரிடம் போகலாம் என்றேன். டிரைவருக்குக் காது போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லணுமா என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பாவமாக இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாவத்தையும் மீறி எனக்கு வேறு ஒன்று குத்தியது. காரின் சத்தம் கேட்கவில்லை என்றதும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு தரையில் உருண்டார், என் பேச்சு கேட்கவில்லை என்றபோது என்ன செய்தார். கேட்டேன். நீ என்ன சொல்லுவேன்னுதான் எனக்குத் தெரியுமே என்றார். இதைப் பெருமையாக எடுத்துக்கொள்வதா, அடிக்கக் கிளம்புவதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலையில் தீர்மானமாகச் சொன்னேன், அந்தக் குழாய் இருக்கும்வரை காரில் உங்க நல்ல காதுக்கும் என் பேச்சு எட்டாது, அது வேணுமா நான் வேணுமா பார்த்துக்கோங்க என்று. அன்று சாயங்காலமே நீச்சல் டீச்சரும், அண்ணா நல்லாத்தான் இருக்கு, ஆனா விடியறதுக்கு முன்னாடி கிளப்பும்போது தூக்கிவாரிப் போடுது அண்ணா என்றாள். அதற்கு அடுத்த நாள் அறுத்த பெட்டியை எடுத்து, வெட்டின இடத்துக்கு மேல் ஒரு உறை போட்டு, பசை தடவி, பழையபடி மாட்டிவிட்டார். யார் சொல்லி மாட்டினீர்கள் என்று கேட்டேன். ரெண்டு பேரும் சொன்னீங்கல்ல என்றார். நான் எவ்வளவோ கிண்டிப் பார்த்துவிட்டேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

இப்போது கார் சாதுவாகிவிட்டது, அவருக்குக் கேட்கவில்லை, ஆகவே நான் கேட்கிறேன். சிரிக்காதே. ஸ்டீரிங்கைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள் நான், ஆனாலும் எஞ்சின் முக்கும்போது தோளில் ஒரு தட்டு தட்டுவேன், மாற்றுவார். மேட்டில் திணறினால் முழங்கையைப் பிடித்து அழுத்துவேன், கியரைக் குறைப்பார். வாயால் சொன்னால் அந்தக் காதுக்கு ஏறாதே, அதனால் கைதான். முதலில் தப்பும் தவறுமாகத் தட்டினேன், அவரும் எரிந்து விழுந்தார். இப்போது அந்த நாலு சக்கரச் சக்களத்தியின் மூச்சை வைத்தே அவளுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவேன், யாரைப் பார்த்து வயிறெரிந்தேனோ அவளுடைய ஒவ்வொரு இருமலும் எனக்குத்தான் அத்துப்படி. வெளியே கிளம்பினால் நான் இல்லாமல் கிளம்புவதில்லை. காய் வாங்க, பெட்ரோல் போட, சக்கரத்துக்குக் காற்றடிக்க, எல்லாவற்றுக்கும் ஏம்மா வர்றியா என்று என்னைத் தேடுகிறார். தினமும் நூலகத்துக்கு வந்து அழைத்துப் போகிறார். நீச்சல் டீச்சர் என்ன கத்து கத்தினாலும் கார் கண்ணாடிக்குள்ளே வர முடியாது. எனக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப காலமாயிற்று.

அந்த டீச்சருக்கு விஷயம் எப்படித் தெரிந்ததோ, பிள்ளைகளுக்குக் காதில் தண்ணீர் போய்ப் போய் அவளுக்கு நல்ல காது டாக்டர் ஒருவர் பழக்கமாம், அக்கா நானே அண்ணனை அழைச்சிட்டுப் போறேன், இப்பல்லாம் வெளியே தெரியாத மாதிரி சின்னதா மிஷின் வந்திருக்கு என்றாள். பார்க்கலாம் என்றேன். அவரிடம் சொல்லவில்லை. அவள் அழைத்துப் போவதா என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மிஷின் வைத்தால் காரை அவரே கேட்டுக்கொள்வார், என் கை எதற்கு.

போன வாரம் பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு வந்தது. மற்ற வண்டிகள் எல்லாம் ஒதுங்குகின்றன, இவர் நடுரோட்டில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறார். தோளைப் பிடித்து உலுக்கி ஓரம் கட்ட வைத்தேன். நல்லவேளை நீ இருந்தே என்றார், எனக்கு அப்படியே தலைகால் புரியவில்லை, வீடு வரும்வரை அந்த வார்த்தையையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மறுநாள் வேலை முடிந்து நூலகப் படியில் அவருக்காக நின்றேன். முனையில் கார் திரும்புவது தெரிந்தது, சிரித்துக்கொண்டே இரண்டு படி இறங்கினேன், அப்போதுதான் உறைத்தது. என்னை அழைக்க வரும்போது அவர் தனியாகத்தானே வருகிறார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், அந்த நாற்சந்தியைத் தாண்டி, தினமும். என் பக்கத்து சீட்டில் யாரும் இல்லாமல்.

நாளைக்கே டாக்டர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் என்று அன்று நினைத்தேன். இன்றுவரை சொல்லவில்லை. காலையில் நினைக்கிறேன், சாயங்காலம் காரில் ஏறித் தோளில் கை வைத்ததும் இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று தோன்றிவிடுகிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ சொன்னால் அவர் தட்ட மாட்டார், அது எனக்கு ஒரு பக்கம் கரிக்கத்தான் செய்கிறது, பரவாயில்லை. அந்த டாக்டரின் நம்பரை டீச்சரிடம் வாங்கித் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நாள் குறித்துவிட்டு, நீச்சல் டீச்சரோடு இல்லை அம்மாவோடுதான் போக வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல், என்னை அழைக்க வருவதற்குப் பஸ்ஸில் வந்தால் போதும் என்றும் சொல்.

நீ எந்தக் குறையும் இல்லாமல், நினைத்தது நடந்து, மனம் போல வாழ வேண்டும். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நான் நூலகத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் பகலிலேயே அப்பாவுக்குப் போன் போடு. நான் வீட்டில் இருக்கும்போது போட்டால் போனை நானே எடுத்து, அப்பா தூங்குகிறார் என்று சொல்லி வைத்துவிடுவேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா