கட்டிலுக்கடியில் செருப்பு

மார்ச் 3
எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன், அவ்வளவுதான்.
வெளியுறவுக் கொள்கை, குடியேற்ற அரசியல் பற்றிப் புதிதாக வந்த ஐந்து புத்தகங்களுக்கு நான் வேலை செய்யும் புத்தகக் கடையில் தனி மேசை. பரிந்துரை அட்டைகள் நான் எழுத வேண்டும். முதலாளியின் வழக்கம்: அட்டையில் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வரி, கீழே எழுதியவர் பெயர்.

மார்ச் 5
நான்கு அட்டைகளைப் படித்துவிட்டு முதலாளி, “என்னம்மா, பரீட்சை எழுதினியா? உயிரே இல்லையே” என்றார். கேஷியர் அக்கா சிரித்தாள். காது சுட்டது.
வீட்டுக்கு வந்ததும் அண்ணன்தான், “நம்ம வீட்ல டிகிரி வாங்கினவ நீ ஒருத்திதான். எழுதுடி, தானா வரும்” என்றான். மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்தவன். இந்த நாட்டில் அவனுக்கு மட்டும் விசாவை நீட்டிக்கவில்லை. இரண்டு வருடமாக அறைக்குள்ளேயே இருக்கிறான்.

மார்ச் 6
ஐந்தாவது புத்தகம், விசா இல்லாதவர்களைத் திருப்பியனுப்ப நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் பற்றியது. ஒரே மூச்சில் எழுதினேன்:
“அமைச்சர்கள் கைகுலுக்கும் மேசைக்கும் நாம் படுக்கும் அறைக்கும் எவ்வளவு தூரம்? இதைப் படியுங்கள். விசா முடிந்த என் அண்ணன் செருப்பை வாசலில் விடுவதில்லை. கட்டிலுக்கடியில் வைக்கிறான்.”
முதலாளி தட்டிக்கொடுத்தார். முதல் தடவை.

மார்ச் 14
அந்தப் புத்தகம் பதினொரு பிரதி போய்விட்டது! சனிக்கிழமைதோறும் வரும் கண்ணாடிக்காரர் அட்டையை இரண்டு முறை படித்தார்.
“நீங்க எழுதினதா? பக்கத்துலதான் வீடா?”
“தெருமுனையில, மாடி வீடு சார்.”
முன்பின் பழகாதவரிடம் தடுமாறாமல் பேசிவிட்டேன்.

மார்ச் 17
காலையில் குடியேற்றத் துறையிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். நேராக உள்ளறைக்குப் போய், ஒருவர் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். கண்ணாடிக்காரர்.
ஐயோ — நான்தானே. என் கையாலதானே.
அண்ணனைக் கொண்டுபோன பிறகு, “எந்தப் பாவி காட்டிக்கொடுத்தான்? அவன் கை வெளங்காமப் போக” என்று அம்மா தரையில் அறைந்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தேன்.

மார்ச் 18
அட்டையை எடுத்துவிடட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன்.
“நல்லாத்தானே போகுது, ஏன் கை வைக்கிற? இன்னொண்ணு எழுதும்மா. இப்பதான் உனக்கு விஷயம் இருக்கே.”

மார்ச் 19
எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 26
நாளை அண்ணனை விமானம் ஏற்றுகிறார்கள். போனில் ஐந்து நிமிடம் கொடுத்தார்கள்.
“அந்தக் கண்ணாடிக்காரன் அட்டையில உன் எழுத்தைப் பாராட்டினான்டி” என்று சிரித்தான். சாப்பிட்டாயா என்றேன். ஸ்வெட்டர் கிடைத்ததா என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் அவ்வளவு நேரமும் வாயெடுத்தேன். கடைசி நிமிடத்தில் வந்தது வேறு:
“அண்ணா, அட்டை விஷயத்தை அம்மாகிட்ட சொல்லிடாதண்ணா.”