யாரும் திறக்காத தபால்பெட்டி

அப்பா,

விரலில் துரு வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. உங்கள் கார்டுகளை நேற்றுத்தான் அடுக்கினேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் செம்பழுப்புக் கறை.

நம்மூர் அஞ்சலகத்தை மூடிய பிறகும் பெட்டி சுவரிலேயே தொங்கியிருக்கிறது. அஞ்சலகத்துக்கு இடம் விட்டிருந்த வீட்டுக்காரர் வெள்ளையடிக்க அதைக் கழற்றியபோது உள்ளே ஏதோ அசைந்ததாம். போஸ்ட்மாஸ்டர் அக்கா பக்கத்து ஊர் ஆபீஸிலிருந்து சாவியோடு வந்து திறந்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டார். அழுகையில் அவர் சொன்னது பாதி புரியவில்லை. நான் கோவில்பட்டியில் இறங்கி மினிபஸ் ஏறினேன். இருபுறமும் கரிசல் வெடித்துக் கிடந்தது.

மில் இரைச்சல் உங்கள் காதை எப்போதோ எடுத்துக்கொண்டது. போன் உங்களுக்கு உதவாது. அதனால் திங்கள்கிழமை தோறும் ஒரு கார்டு. நான் சென்னைக்குப் போன நாளிலிருந்து. இரண்டு வரி ஊர்ச் செய்தி, கடைசியில் எப்போதும் ஒரே சொல்: "இருக்கேன்." நானும் அப்படியே முடிப்பேன்.

பதினொரு மணிக்குள் நீங்கள் கார்டு போட வராவிட்டால் அக்கா ஆபீஸைச் சாத்திவிட்டு வீட்டுக்கே வந்துவிடுவார். சட்டத்தில் இல்லாத வேலை. வாசலில் நின்று கையை ஆட்டிக் கத்துவார்.

"அண்ணாச்சி, இருக்கியளா?"

"இருக்கேன், போ. இந்தச் சவத்துக் கெழவனுக்குக் காய்ச்சல் வந்தா ஊரையே கூட்டுதியே."

ஐப்பசி மழையில் ஆபீஸை மூடினார்கள். பக்கத்து ஊரோடு சேர்த்தாயிற்று என்றார்கள். நடுவில் ஓடை. கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் மண். முதியோர் பணம் வாங்கப் போனவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்களாம். உங்கள் முட்டி அதற்கு ஆகாது.

அன்றே அக்கா எனக்குப் போன் செய்தார். "இங்கன ஆபீஸ மூடிட்டாவ. இனி அப்பா கார்டு வராது. நீ பயப்படாத, என்னா?"

நான் பயப்படவில்லை. அதுதான் தவறு. கார்டு வராததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆபீஸே இல்லையே, என் கார்டு மட்டும் எப்படிப் போய்ச் சேரும் என்று நானும் நிறுத்திவிட்டேன். பக்கத்து ஊரிலிருந்து தபால்காரர் சைக்கிளில் வந்துகொண்டுதான் இருந்தார். நான் யாரையும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மையிடம் ஒருமுறை போனில் பேசினேன்.

"நல்லாத்தான் இருக்காவ. ஆபீஸ மூடுனத அந்த அக்கா தொண்ட கிழியச் சொல்லிட்டுத்தான் போனா. நீ சொகமா இருக்கேன்னு நானும் சொன்னேன். எல்லாத்துக்கும் தலைய ஆட்டுனாவ. உங்கப்பாகிட்ட பேசுறதுக்குச் செவத்துகிட்ட பேசலாம்ட்டி, அது தலையாட்டி ஏமாத்தாது."

சிரித்தேன். உங்கள் தலையாட்டல் எனக்குத் தெரியும். கேட்காததற்கெல்லாம் ஆட்டுவீர்கள், எதிரே இருப்பவர் சிரமப்படக் கூடாதென்று. தெரிந்தும் சிரித்தேன்.

தை மாதம் ஒரு புதன்கிழமை பெரியம்மை உங்கள் கதவைத் தட்டினாள். திங்கள்கிழமை யாரும் தட்டவில்லை. நீங்கள் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த இரண்டு நாளுக்குள் என் மனம் இன்னும் நுழையவில்லை. வாசல் வரை போய்த் திரும்பிவிடுகிறது.

கார்டுகள்.

"நல்ல மழ. உளுந்து போச்சு. இருக்கேன்."

"ஆபீஸ் பூட்டிக் கிடக்கு. அக்கா லீவு போல. உன் கார்டு வரல. இருக்கேன்."

"ரெண்டு மாசமாச்சு. பக்கத்து வீட்டுல கேட்டேன். என்னமோ சொன்னா, வெளங்கல. அவ மொகத்தப் பாத்தா பயமா இருக்கு. இருக்கேன்."

கையெழுத்து வாரத்துக்கு வாரம் கீழே சரிகிறது. உங்களுக்கு என்ன ஆகிறதோ என்று தேடிப் படித்தேன். வலி, காய்ச்சல், ஏதாவது. ஒரு வரி இல்லை. பயம் முழுக்க என்னைப் பற்றி.

கடைசிக் கார்டில் ஊர்ச் செய்தி இல்லை. "இருக்கேன்" இல்லை.

"ஏட்டி, நீ இருக்கியா?"

அதைப் பெட்டியில் போட்டிருக்கிறீர்கள். பதிலுக்குக் காத்திருந்திருக்கிறீர்கள்.

பெரியம்மையின் பிள்ளைகளும் வெளியூரில். இப்போது திங்கள்கிழமை பதினொரு மணிக்கு அவளை நான் கூப்பிடுகிறேன். மணி அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆட்டைக் கட்டப் போயிருப்பாள், தண்ணீர் பிடிக்கப் போயிருப்பாள் என்று காரணங்கள் தானாக வருகின்றன. ஒவ்வொரு காரணத்தையும் தள்ளிவிட்டு மணியை எண்ணுகிறேன். கடைசியில் எடுக்கிறாள்.

"பெரியம்மை, இருக்கியளா?"

"இருக்கேன்ட்டி. நீ?"

உங்களுக்குச் சொல்லாத பதிலை அவளிடம் சொல்கிறேன். அடுத்த திங்கள் வரை அது தாங்க வேண்டும்.