சுண்ணாம்பைத் தாண்டி வந்த கரி

அத்தான்,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. பானையில் கஞ்சி இருக்கிறது, கருவாடு வறுத்து மூடி வைத்திருக்கிறேன். கடைச் சாவி என் பைபிளுக்கு அடியில்.

நம் இன்ஷூரன்ஸ் கேஸுக்காக மத்தியானம் கோர்ட் கமிஷனர் நம் ராயபுரம் கடையைப் பார்க்க வருகிறார். அவர் வருகிறாரே என்று மறுபடியும் சுண்ணாம்பு அடித்துவிடாதீர்கள்! எரிந்த சுவரைக் கிறிஸ்துமஸுக்கென்று நீங்கள் வெளுத்துவிட்டதால்தானே, அப்புறம் வந்து பார்த்த இன்ஷூரன்ஸ்காரன், "தீயே பிடிக்கவில்லை, கூரை மாற்றிய பில்லுக்குப் பணம் தரமுடியாது" என்கிறான்.

நேற்றுக் கடையைத் திறந்தேன். மழை ஈரத்தில் சுண்ணாம்பைத் தாண்டிக் கரி வெளியே வந்திருக்கிறது, உத்தரம் எரிந்த உயரம் வரைக்கும். கொத்தனார் வேலப்பன் நீங்கள் சுண்ணாம்பு அடித்த அன்றைக்கே சொன்னார், "இன்னா அடிச்சாலும் கரி எட்டிப் பாக்கும்மா" என்று. அவரைச் சாட்சிக்கு அழைத்துவரத்தான் திருவொற்றியூர் போகிறேன்.

உங்களைப் புத்தி கெட்டவர் என்றேன், அதிலிருந்து நீங்கள் என்னிடம் பேசவில்லை. கருகிய சுவரைப் பார்த்துக்கொண்டு பண்டிகை கொண்டாட உங்களால் முடிந்திருக்காது. நேற்று அதன் முன்னால் தனியாக நின்றபோதுதான் எனக்கு அது விளங்கியது.

சுகிர்தம்

சுவரை நீங்களே காட்டுங்கள். துடைக்க வேண்டாம்.

வெள்ளைச் சட்டையோடு சாயாதீர்கள், கரி ஒட்டும். ஒட்டினாலும் பரவாயில்லை, நான் துவைத்துக்கொள்கிறேன்.