காட்டிக்கொடுப்பான்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதினால் நீ அப்படியே நம்பிவிடுவாய். அதனால் எழுதவில்லை. போனில் பேசலாம்தான். நீ அழுவாய், நான் கத்துவேன், பிறகு ஒரு மாதம் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்போம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

உன் மணி அடிக்கிறது, அக்கா. அப்பாவுக்கு ஞாபகம் தவற ஆரம்பித்ததும் அவர் மெத்தைக்கு அடியில் தகடு வைத்து, கம்பி இழுத்து, என் அறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனாயே, அந்த மணி. அவர் கட்டிலை விட்டு எழுந்தால் அடிக்கும், நான் எழுந்து ஓட வேண்டும். "இந்தக் காட்டிக்கொடுப்பான எடுத்துத் தூரப் போடு" என்று அவர் உன்னிடம் சண்டை போட்டது ஞாபகம் இருக்கும். இப்போது அது காலிக் கட்டிலில் அடிக்கிறது.

போன வாரம் காலையில் ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, வழக்கம் போலச் சாப்பிட்டுப் படுத்தேன். மணி அடித்தது. பழைய பழக்கத்தில் "இருங்கப்பா, வரேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஓடினேன். பூட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நவம்பரில் காரியங்கள் முடிந்த அன்று நானே பூட்டிய அறை. திறந்து பார்த்தேன். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. மணி மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் மனசு கேட்காமல் மறுபடி போட்டுவிட்டேன். அணைத்தால் அப்பா முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறது. அதற்கப்புறம் அடிக்கடி அடிக்கிறது. என் வீட்டுக்காரி பயப்படவே இல்லை. "மாமா வந்துட்டுப் போறாருங்க, விடுங்க" என்கிறாள். எனக்குத்தான் பயம். கம்பியைப் பிடுங்கிவிடட்டுமா?

உன் தம்பி


மார்ச் 14

என் அருமைத் தம்பிக்கு,

உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியே இருக்கிறது. அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. வாசித்ததும் போய்விட்டது.

அப்பா வரவில்லை. பெருக்கும்போதோ துடைக்கும்போதோ யாராவது உன் சுவரில் இருக்கிற மணிப் பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிட்டிருப்பீர்கள். காலிக் கட்டில் என்றால் மணி அடிக்கத்தான் வேண்டும். அதற்காகத்தான் செய்தேன். என் மணி பொய் சொல்லாது, தம்பி. இங்கே என்னைப் பார்க்க வருகிறவர்கள் கண்டுபிடிப்பாளர் என்றால் திடீரென்று ஒரு நாள் குளிக்கும்போது யோசனை வருகிற ஆள் என்று நினைக்கிறார்கள். நான் அதைச் செய்த காலத்தில் எனக்கு வந்ததெல்லாம் சந்தேகம்தான். சாப்பிடும்போதும் அது பொய் சொல்லுமா, படுக்கும்போதும் அது பொய் சொல்லுமா. கேட்டுக் கேட்டு, இனி கேட்க ஒன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் அப்பாவின் மெத்தைக்கு அடியில் வைத்தேன்.

பழசைக் கிளற வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீயே கிளறிவிட்டாய். பள்ளிக்கூடம் போகிற வயதில் அலாரத்தின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, தட்டினதே தெரியாமல் குறட்டை விட்டவன் நீ. அன்று மதியம் அப்பா எழுந்து கதவைத் திறந்து மெயின் ரோடு வரை நடந்து போனபோதும் அப்படித்தான் நடந்திருக்கும். அரைத் தூக்கத்தில் பெட்டியை அணைத்திருப்பாய். லாரிக்காரனைக் குற்றம் சொல்ல முடியாத மாதிரி உன்னையும் நான் குற்றம் சொல்லவில்லை. தூக்கத்தில் செய்ததற்கு யார் என்ன செய்ய முடியும்?

சந்தேகமாக இருந்தால் நீயே அந்தக் கட்டிலில் படுத்து எழுந்து பார். சுத்தமாக அடிக்கும். ஆனால் தெருவில் யாரிடமும் இதைச் சொல்லி வைக்காதே. இங்கே ஒரு கம்பெனி இதை எடுத்து முதியோர் இல்லங்களுக்குச் செய்யப் போகிறது. அடுத்த மாதம் கையெழுத்து. இந்த நேரத்தில் பேய் பிசாசு என்று பேச்சு வந்தால் என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

வேளைக்குச் சாப்பிடு. உன் பொண்டாட்டியைக் கேட்டதாகச் சொல்.

பாசமுள்ள அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்ன மாதிரியே செய்தேன். அப்பாவின் கட்டிலில் படுப்பதற்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது தெரியுமா? சின்ன வயதில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. தலையணையில் அவர் தைல வாசனை இன்னும் போகவில்லை. படுத்தவன் என்னை அறியாமல் தூங்கியும் போய்விட்டேன். சாயங்கால டிரிப்புக்கு நேரமாகி வாரிச் சுருட்டி எழுந்தேன்.

மணி அடிக்கவில்லை.

சுவிட்ச் போட்டபடிதான் இருந்தது. பிள்ளைகளை வீடு வீடாக விட்டுவிட்டு வந்து, முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது அடித்தது. அந்த அறையில் ஆள் இல்லை. மறுநாளும் படுத்தேன், எழுந்தேன். சத்தமே இல்லை. என் வீட்டுக்காரி விளக்கேற்றுகிற நேரத்துக்கு அடித்தது. "மாமாதான்னு நான் சொல்லல?" என்றாள்.

அக்கா, எனக்குப் படிப்பு போதாது. ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பா போன அன்று பெட்டியை அணைத்தது நான்தான் என்று நீ சொன்னாய். எல்லோரும் தலையாட்டினார்கள். சொல்லச் சொல்ல எனக்கே அணைத்த மாதிரி ஒரு ஞாபகம் வந்துவிட்டது. விரலில் அந்த சுவிட்ச் படுவது கூடத் தெரிகிறது. ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த விரலைத்தான் பார்க்கிறேன். பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வரும், எனக்கு ஒன்றும் காதில் விழாது.

ஆனால் அந்தப் பெட்டியை யாருமே தொடவில்லை. சாவு வீட்டில் யார் துடைத்தார்கள்? மேலே தூசி அப்படியே படிந்து கிடந்தது. முதல் நாள் அடித்தபோது சுவிட்ச் போட்டே இருந்தது. அப்படியென்றால் நான் அன்று அணைத்தேனா, இல்லையா? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 11

அக்கா,

பதில் காணோம். கையெழுத்து வேலையில் இருப்பாய். இருந்தாலும் ஒரு வரி போடு. ஆமாம் என்றாலும் பரவாயில்லை. தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

தம்பி


ஏப்ரல் 19

தம்பி,

நீ அணைக்கவில்லை. முதலில் இதை வாசி. மற்றதைப் பிறகு வாசித்துக்கொள்ளலாம்.

உன் கடிதம் வந்த அன்றே இங்கே இருக்கும் இன்னொரு தகட்டின் மேல் மணல் மூட்டையை ஏற்றிவிட்டேன். தகட்டுக்குள் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொன்னதில்லை. இரண்டு மெல்லிய தகடுகள், நடுவில் பஞ்சு. ஆள் படுத்தால் பஞ்சு அமுங்கித் தகடுகள் தொடும், மணி சும்மா இருக்கும். எழுந்தால் பஞ்சு உப்பித் தகடுகள் விலகும், மணி அடிக்கும். இவ்வளவுதான் என் பெரிய கண்டுபிடிப்பு.

நேற்று மூட்டையை இறக்கினேன். மணி அடிக்கவில்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். மேஜையில் வைத்த காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. அப்புறம் அடித்தது.

ஒவ்வொரு சோதனைக்கும் புதுப் பஞ்சு போட்டேன், தம்பி. சுத்தமாகச் செய்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமை. பழைய பஞ்சை ஒரு நாளும் சோதித்ததில்லை. அப்பா படுத்ததோ மாதக்கணக்கில். சாப்பாடு கூடக் கட்டிலில்தானே? நவம்பருக்குள் அது நசுங்கிச் செத்துவிட்டது. அவர் எழுந்தபோது அது எழவில்லை. வெயில் ஏறி அறை சூடானதும் கொஞ்சம் கொஞ்சமாக இப்போதுதான் நிமிர்கிறது, சூடு ஆறினால் மறுபடி அமுங்கிவிடுகிறது. அது பழுதால் அடிக்கிற மணி இல்லை. அப்பா அன்று எழுந்தார் பார், அதற்கு அடிக்க வேண்டிய மணி இப்போது அடிக்கிறது.

காலிக் கட்டில், மணி சத்தமில்லை என்று அப்பா போன அன்றே நீ சொன்னாய். அது ஒன்று போதும், மணி கெட்டுப்போய்விட்டது என்று தெரிய. எனக்குத் தெரியவில்லை. என் மணி தவறாது, ஆகவே என் தம்பி தவறினான் என்று கணக்குப் போட்டேன். என் கையால் செய்ததை நம்பினேன், என் கூடப் பிறந்தவனை நம்பவில்லை.

கம்பெனிக்குப் போய் எல்லாம் சொல்லிவிட்டேன். பஞ்சை மாற்றினால் போதுமே, இதற்கா இவ்வளவு என்றார்கள். மாற்றலாம்தான். ஆனால் அடுத்து எது சாகும் என்று எனக்குத் தெரியாது, கையெழுத்துப் போட மாட்டேன் என்று வந்துவிட்டேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதக் கை வரவில்லை. கம்பியைப் பிடுங்கிவிடு.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அப்படியே தரையில் படுத்துத் தூங்கினேன். எழுப்பி எழுப்பிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி பயந்து பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வந்துவிட்டாளாம். அப்பா போனதிலிருந்து நான் அப்படித் தூங்கியதே இல்லை. எழுந்து விரலைப் பார்த்தேன். வெறும் விரலாக இருந்தது.

உன் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. இரண்டு நாள் இருந்தது. பிறகு பஸ்ஸில் போகும்போது, இந்நேரம் நீ அங்கே அந்தத் தகட்டுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய் என்று தோன்றியது. உனக்கு இனித் தூக்கம் வராது, அக்கா. எனக்குத் தெரியும். நான் இருந்து பார்த்த இடம் அது. பஞ்சு, தகடு என்று என்ன சொன்னாலும் அங்கே ஆறுதல் கிடைக்காது.

கம்பியைப் பிடுங்கவில்லை. நேற்று மாலையும் மணி அடித்தது. நான் எழுந்து ஓடவில்லை.

"என்னங்க, போய்ப் பாக்கலையா?" என்றாள்.

"அது எனக்கு இல்ல. அக்காவுக்கு" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அழுதுவிட்டேன். தனியாக இருந்து கேட்காதே, வந்துவிடு. அறையைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

உன் தம்பி