வயல் வாடி நாய்க்கு ஒரு பெயர்

பெப்ரவரி 3, செவ்வாய்

விடியலில் தூறல், பிறகு வெயில். இறக்காமத்தில், வயல் வாடிக் குடிசையில்தான் இன்னும். நெல் பழுத்துவிட்டது. நோன்புக்கு முன் வெட்டியாக வேண்டும். யானை இறங்குகிறதாம், அதனால் காவல். கல்முனை வீட்டுக்குப் போனாலும் தனிதான். மனைவி றஹீமா மௌத்தாகிப் போன பிறகு அங்கே பேச்சுச் சத்தமே இல்லை.

நாய் இன்றும் போகவில்லை. பெருமழையன்று வாடிக்குள் வந்து ஒதுங்கியது. பெட்டை நாய். செம்மண் நிறம், விலா எலும்பு எண்ணலாம். மீன் ஆணமும் சோறும் வைத்தேன். சரி, இனி என் நாய்.

வாங்க: தேயிலை, டோர்ச் பற்றரி, கருவாடு. நாய்க்கு ஒரு பெயர். அது கடையில் கிடைக்காது.

பெப்ரவரி 5, வியாழன்

நல்ல காற்று. பக்கத்து வயல் தங்கராசா வந்தார், காரைதீவு ஆள். எங்கள் ஆட்களைப் போலவே என்னைக் காக்கா, அண்ணன் என்பார். நாயைப் பார்த்ததும் முதல் கேள்வி:

"என்ன பேர் காக்கா?"

"இன்னும் வைக்கல்ல."

"கெதியா வைங்க. பேரில்லாத நாய் நிக்காது."

அவருடைய பழைய நாயின் பெயர் புலியாம். சண்டைக் காலத்தில் ஆமிக் காவல் சென்றிக்குப் பக்கத்தில் அப்படிக் கூப்பிடப் பயந்து மணி என்று மாற்றினாராம். நாயோ சாகும்வரை மணிக்குத் திரும்பிப் பார்க்கவேயில்லையாம். இருவரும் நன்றாகச் சிரித்தோம். அவர் போன பிறகு வாடி முன்னைவிட அமைதி.

மனிதர் பெயர் வைக்கக் கூடாது. எங்கள் ஆட்கள் கோபிப்பார்கள், நியாயம்தான். ஜிம்மி, டைகர் வாயில் ஒட்டவில்லை. அர்த்தத்தோடு ஒன்று வேண்டும். எதுவும் தோன்றவில்லை.

பின்னேரம் கையை நக்கிவிட்டது. மார்க்கம் சொன்னபடி மண் போட்டு ஒரு தடவை, பிறகு வெறும் தண்ணீரால் ஆறு தடவை. கழுவிக்கொண்டே நினைத்தேன், இந்தக் கையை யாரும் தேடிவந்து தொட்டு எவ்வளவு காலம்.

பெப்ரவரி 8, ஞாயிறு

அசர் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். குளத்துப் பக்கம் பற்றைக்குள் யானை. ஒற்றை. நான் சத்தம் போடுமுன் நாய் பாய்ந்துவிட்டது. குரைத்தபடி நேராக அதன் காலடிக்கு. தங்கராசா அங்கிருந்து வெடி கொளுத்தினார். யானை திரும்பி ஓடியது. நாயும் பின்னாலேயே. பிறகு நாயின் கத்தல் ஒன்று. பிறகு ஒன்றுமில்லை.

வரம்பில் நின்று கூப்பிட வாய் திறந்தேன். என்னவென்று கூப்பிட? ஓய் என்றேன். இந்தா, இந்தா என்றேன். பற்றை அசையவில்லை. பிறகு தானாக வந்தது:

"இஞ்சேரு! இஞ்சேரு!"

றஹீமாவை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து இஞ்சேருதான், இங்கே பார் என்ற அர்த்தத்தில். அடுப்படியில் இருந்தாலும் கிணற்றடியில் இருந்தாலும் அதற்கு ஓம் என்பாள். அவள் போன பிறகு அந்தச் சொல் என் வாயில் வந்தது இன்றுதான்.

நாய் வாய்க்காலுக்குள்ளிருந்து ஏறி வந்தது. ஒரு காது கிழிந்து இரத்தம். வேறு அடி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். வரம்பிலேயே குந்திவிட்டேன். பொழுதுபட்டு மஃரிபு பாங்கு கேட்கும்வரை எழும்பவில்லை.

பெப்ரவரி 9, திங்கள்

வெயில். காதுக்கு மஞ்சள் வைத்தேன். நெல் தப்பிவிட்டது.

தோஹாவிலிருந்து மகள் ஷிஃபா கோல் எடுத்தாள்.

"வாப்பா, குரல் ஏன் இப்பிடி அடைச்சிரிக்கி?"

எல்லாம் சொன்னேன். என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்பதையும். காலையில் மெதுவாகச் சொன்னபோதும் நாய் வாலாட்டி வந்ததையும். 

"அது உம்மாட பேர், வாப்பா."

"ஓம், மகள்."

"உம்மாட சாரியெல்லாம் சலீமா மாமி எடுத்து ஏழையளுக்குக் குடுத்திட்டா. நான் ஒண்டும் கதைக்கல்ல. இத மட்டும் குடுக்காதீங்க."

அழுதாள். நானும் மறைக்கவில்லை. மௌத்து வீட்டுக்குப் பிறகு றஹீமாவைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியது இதுதான் முதல். நீண்ட நேரம் பேசினோம். ஃபோன் சூடாகும்வரை.

அதன் பிறகு நாயை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. அதுவாகவே பின்னால் வந்துகொண்டிருந்தது.

பெப்ரவரி 14, சனி

மப்பு வானம். வெட்டி முடிந்தது. வாடிச் சாமான்களைக் கட்டினோம். த்ரீவீலர்காரன் நாயை ஏற்ற மறுத்துவிட்டான். தங்கராசாவின் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில், நெல் மூட்டைகளுக்கு மேல், நானும் நாயும். சம்மாந்துறையில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கல்முனை வந்து இறங்கினால் கேற்றடியில் சலீமா. என் தங்கை, அடுத்த வளவு வீடு. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

"காக்கா! இதென்ன?"

"தொணை."

யோசித்துச் சொன்னதல்ல. அவள் கேட்டாள், வாயில் வந்தது.

"தொணையா? அதா இதுட பேர்?"

நாயைப் பார்த்தேன்.

"ஓம். அதான்."

"ஊட்டுக்குள்ள மட்டும் ஏத்திடாதீங்க."

"பின்வளவில நிக்கும்."

தன் வீட்டுக்குள் போய்விட்டாள். கோபம், இனி வரமாட்டாள் என்று மூட்டையை இறக்கத் தொடங்கினேன். வந்தாள். கையில் தேங்காய்ச் சிரட்டை நிறையத் தண்ணீர். எட்ட நின்று குனிந்து வைத்தாள்.

"இந்தா தொணை."

நாய் முதலில் என்னைப் பார்த்தது. பிறகு போய்க் குடித்தது.